மச்சான் வீட்டுப் பெட்டி

எங்கள் கீழ் வீட்டு ஃபிட்டர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போன பிறகு அந்த வீட்டில் எந்தப் பொருளும் மூடியோடு இருந்ததில்லை. ரேடியோ, டிவி ரிமோட், சுவர்க் கடிகாரம் எல்லாம் வயிற்றைத் திறந்துகொண்டு சாப்பாட்டு மேஜை மேல் கிடக்கும். தட்டு வைக்க இடம் இருக்காது. ஃபிட்டரின் மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை மாடித் தம்பி என்பார், கூடப் பிறந்த தம்பி ஒருவன் பக்கத்துத் தெருவில் இருப்பதால்.

எதற்கு இப்படிப் பிரித்துப் போடுகிறீர்கள் என்று கேட்டால், கை பழக வேண்டும் சார் என்பார் ஃபிட்டர். பழகியது பிரிப்பதற்கு மட்டும்தான். திருப்பி மூடும்போது ஒன்றிரண்டு ஸ்க்ரூ மிச்சம் வரும். அதையெல்லாம் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். பாட்டில் நிரம்பிக்கொண்டே வந்தது. அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம், "இந்த வீட்ல எல்லா சாமானும் அரை உசுரோடதான் ஓடுது" என்பார்.

பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் மெஷின் ஃபிட்டராக இருந்தவர் அவர். மெஷின் நின்றால் ஆள் ஓடி வரும். இவர் போய் ஒரு தட்டு தட்டுவார், ஒட்டிக்கொண்டதை ஓர் இழு இழுப்பார், கிரீஸ் வைப்பார், ஓடும். கம்பெனியை மூடினார்கள். மூடிய புதிதில் மச்சான் வீட்டில், அதாவது அக்காவின் தம்பி வீட்டில், ஒரு விருந்து. அங்கே இருந்த கம்ப்யூட்டர் மாவு மெஷின் மாதிரி கத்திக்கொண்டிருந்தது. நான் வேண்டுமானால் திறந்து பார்க்கட்டுமா என்று இவர் கேட்டிருக்கிறார். மச்சான் நாலு பேர் முன்னால் சிரித்தபடி, "மாமா, இது பிஸ்கட் மெஷின் இல்ல. உங்க காலம் கிரீஸோட போச்சு" என்று சொல்லிவிட்டான்.

அவன் கெட்டவன் இல்லை. வாய்தான் அப்படி. ஆனால் இவர் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தவர், அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அக்கா மட்டும் போய் வருவார். கடைத்தெருவில் மச்சான் எதிரே வந்தால் இவர் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். வார் இல்லாத செருப்புப் போட்டிருந்த நாளிலும் குனிந்ததை நான் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் வகுப்பில் சேர்ந்ததும் அந்தச் சூட்டில்தான்.

வீட்டுக்கு வருமானம் என்றால் அது அக்காவின் கம்ப்யூட்டர்தான். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை கேள்வித்தாள் டைப் செய்து கொடுப்பார். எல்லா வகுப்புக்கும், எல்லாப் பாடத்துக்கும். இது வெளியே தெரியக்கூடாது. தலைமையாசிரியை ஒரே கண்டிப்பு. மெயிலில் அனுப்பக்கூடாது, பென் டிரைவில் ஏற்றக்கூடாது, கடையில் பிரிண்ட் போடக்கூடாது. வாத்தியார்கள் கையால் எழுதிக் கொடுத்ததைக்கூட முதல் பிரிண்டோடு திருப்பி வாங்கிக் கிழித்துவிடுவார். திருத்தம் எல்லாம் முடிந்த கடைசிக் கேள்வித்தாள் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கும். அக்காவின் தம்பி மகள் அதே பள்ளியில் படிக்கிறாள் என்பதால், தம்பி வீட்டுக்கும் இந்த விஷயம் தெரியாது. அக்கா ஏதோ கம்பெனிக்குக் கணக்கு டைப் செய்கிறார் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். பேப்பர் கட்டு தூக்கி வந்து கொடுப்பவன் என்பதால் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மறுநாள் பரீட்சை ஆரம்பம். சாயங்காலம் பள்ளி மூடுவதற்குள் எல்லாக் கேள்வித்தாளும் போய்ச் சேர வேண்டும். காலையில் பிரிண்டருக்கு மை வாங்க அக்கா கடைக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டதால் வர நேரமாகிவிட்டது. எனக்கு விடுமுறை. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. கத்தல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்ன பண்ணீங்க?"

இறங்கிப் போனேன். சிபியு பெட்டி மேஜை மேல் படுத்துக் கிடந்தது. பக்கத்து மூடி நாற்காலியில். ஃபிட்டர் கையில், பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கிற அலுமினியக் கட்டியும் ஃபேனும். ஸ்டூலில், வகுப்பில் கொடுத்த பேஸ்ட் டப்பா. புதுப் பேஸ்ட் பூசினால் மெஷின் சூடாகாமல் ஓடும், இன்றைக்கு நிறைய பிரிண்ட் போடும் நாள், உனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் பண்ணினேன் என்றார். கட்டி ஒட்டிக்கொண்டு வர மறுத்திருக்கிறது. கம்பெனிப் பழக்கம். ஒரே இழு. கட்டியோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

அதைத் திருப்பிக் காட்டினார். தபால்தலை அளவுச் சில்லு. அடியில் சீப்புப் பல் மாதிரி நூற்றுக்கணக்கில் தங்கக் கம்பிகள். ஒரு மூலையில் கம்பிகள் காற்றடித்த நெல் மாதிரி சாய்ந்து கிடந்தன. அதைத் திரும்ப வைத்து அமுக்கியும் பார்த்திருக்கிறார். அதில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

"வகுப்புல இதைச் சொல்லித் தரலியா?" என்றேன்.

"பேஸ்ட் பூசறதுதான் நேத்து நடந்தது சார். கழட்டறது அடுத்த வகுப்பு."

அக்கா மை டப்பாவைக் கீழே வைத்தார். நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்தார். பிறகு, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கழட்டக் கத்துக்காத மனுஷனுக்குப் பூசச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பூசறதுக்கு முன்னாடி கழட்டணும்னு அந்த மாஸ்டருக்குத் தோணல. சரி, அவர் யாரோ. உங்களுக்குமா தோணல?"

ஃபிட்டர் ஒரு ஊசியை எடுத்து வந்து கம்பிகளை நிமிர்த்த உட்கார்ந்தார். பேக்கிங் மெஷினின் ரீல் உருளையில் பல் வளைந்தால் இப்படித்தான் நிமிர்த்துவேன், மதியத்துக்குள் சரியாகிவிடும் என்றார். அக்கா ஊசியைப் பிடுங்கி ஜன்னல் திட்டில் குத்தி வைத்துவிட்டு, மாஸ்டருக்குப் போன் போடச் சொன்னார்.

மாஸ்டர் ஸ்பீக்கரில் வந்தார். நேராக இழுத்தீர்களா என்றுதான் முதல் கேள்வி. கொஞ்ச நேரம் மெஷினை ஓடவிட்டு, பழைய பேஸ்ட் இளகின பிறகு, ஜாம் மூடியைத் திருகுவது மாதிரி மெதுவாகத் திருப்பி எடுக்க வேண்டும் என்றார். எல்லோரும் செய்கிற தப்புதான், அடுத்த வகுப்பில் அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன் என்று வேறு சொன்னார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் உருப்படியாக ஒன்று சொன்னார் மாஸ்டர். ஹார்ட் டிஸ்க்குக்கு எதுவும் ஆகியிருக்காது. அதைக் கழற்றி வேறு ஒரு சிபியுவில் மாட்டினால் உள்ளே இருப்பது அப்படியே வரும். இரண்டே ஒயர்.

வேறு சிபியுவுக்கு எங்கே போவது? வகுப்புப் பெட்டிகளைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள். கடைக்காரனிடம் கேள்வித்தாள் இருக்கும் டிஸ்க்கை நீட்ட முடியாது. என்னிடம் இருந்தது ஆபீஸ் லேப்டாப். வெளி டிஸ்க் எதையும் மாட்டவிடாமல் பூட்டித்தான் கொடுத்திருந்தார்கள். நான் சொல்லாமல் இருந்ததை அக்காதான் சொன்னார்.

"என் தம்பி வீட்ல இருக்கு."

ஃபிட்டர் குனிந்து செருப்பைத் தேடினார். வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் இருந்தார்.

அங்கே போய் டிஸ்க்கை மாட்டுவது நடக்காது. மறுநாள் பரீட்சை எழுதப்போகிற பெண் அந்த வீட்டில் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். பெட்டியை இங்கே கொண்டுவர வேண்டும். நானே போய்க் கேட்கிறேன் என்று அக்கா கிளம்பினார். ஆனால் அக்கா போனால் தம்பி விடமாட்டான், எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறாய், இங்கேயே உட்கார்ந்து டைப் பண்ணிக்கொள் என்பான். மறுத்தால் ஏன் ஏன் என்று குடைவான். அக்காவுக்குப் பொய் வராது. வந்தாலும் முகத்தில் தெரிந்துவிடும்.

"அப்ப நீங்கதான் போகணும்" என்றார் ஃபிட்டரிடம்.

"நான் போய் என்னன்னு கேக்கறது?"

"என்னைக் கேட்டா? பிடுங்கினது நீங்க. வார்த்தையும் நீங்களே கண்டுபிடிங்க. ஆனா ஒண்ணு. பரீட்சைங்கற பேச்சு உங்க வாயில வரக்கூடாது."

அவர் நிலைப்படியில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெங்காயம் அரிந்தபடியே அக்கா உள்ளேயிருந்து பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சொன்னதா, வெங்காயத்துக்குச் சொன்னதா தெரியவில்லை. கம்பெனி மூடினப்ப ஒரு வார்த்தை நான் சொன்னேனா. சும்மா இருங்கன்னுதானே சொன்னேன். சும்மா இருக்கிறதுக்கு வகுப்பு எங்கயாவது நடந்தா முதல்ல இவரைச் சேத்துவிடணும். கத்தி பலகையில் படும் சத்தம் வேகமாகிக்கொண்டே போனது. ஃபிட்டர் சட்டையை மாட்டினார். மேஜை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பை உருவிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "ஒரு கை பிடிக்க வேணும் சார்" என்றார். பெட்டியை ஓர் ஆளே தூக்கலாம். எதற்குக் கூப்பிட்டார் என்று தெரிந்தது. போனேன்.

மச்சான் வீட்டில் நினைத்த மாதிரியே அந்தப் பெண் புத்தகத்தை விரித்துக்கொண்டு கம்ப்யூட்டர் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் அதே பழைய இரைச்சலோடு ஓடியது. மச்சான் கதவைத் திறந்தவன் ஒரு நிமிஷம் யாரோ எவரோ மாதிரி பார்த்தான். பிறகு உட்காரச் சொன்னான். ஃபிட்டர் உட்காரவில்லை. பிளாஸ்டிக் விரிப்பிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது.

"உங்க பெட்டி ஒரு நாளைக்கு வேணும்" என்றார்.

மச்சான் கேள்வி கேட்க ஆரம்பித்தான். உங்கள் பெட்டிக்கு என்ன ஆயிற்று? இவர் கெட்டுப்போச்சு என்றார். எப்படி? இவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நான்தான் கெடுத்தேன்" என்றார். "சுத்தம் பண்றேன்னு பிராசஸரைப் பிடுங்கிட்டேன். உங்க அக்கா வேலை நிக்குது. அந்த டிஸ்க்கை உங்க பெட்டில மாட்டணும்."

மச்சான் வாய் ஓரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வகுப்பில் பிடுங்கத்தான் சொல்லித் தருகிறார்களா என்றான். ஃபிட்டர் கேட்டுக்கொண்டு நின்றார். அக்காவை இங்கேயே வரச்சொல்லுங்கள், சிறுசு வேறு அறையில் படிக்கட்டும், டிஸ்க்கையும் இங்கேயே மாட்டுங்கள், நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான் மச்சான். நியாயமான பேச்சுதான். அதற்கு மேல் மறுக்கக் காரணமே கிடையாது.

"இங்க வேணாம்" என்றார் இவர்.

"ஏன் மாமா? இங்க என்ன குறைச்சல்?"

இவர் பிளாஸ்டிக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். சரி, வாயை விட்டுவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நீ பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கை நடுங்கும்."

கம்ப்யூட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மச்சானின் முகத்தில் சிரிப்பு நின்ற இடத்திலேயே நின்று, மெல்ல இல்லாமல் போனது. அவனுக்கு அந்த விருந்து ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேஜைக்கு அடியில் குனிந்து அவனே ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினான். பெட்டியைத் தூக்கி இவர் கையில் வைத்து, பிளாஸ்டிக்கை அவனே சுற்றினான்.

அதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "நானும் வரேன் மாமா. உள்ள எப்படி இருக்கும்னு பாக்கணும்."

"நீ வேணாம்மா" என்று இவர் பதறினார். "உனக்குப் பரீ..." நிறுத்திக்கொண்டார்.

"நாளைக்குப் பரீட்சை, உட்காருடி" என்று முடித்து வைத்தான் மச்சான்.

தெருவில் நான் குடை பிடிக்க, அவர் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும், வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டேன், அவன் நம்பிவிட்டான் இல்லையா சார் என்று கேட்டார். நம்பிவிட்டான் என்றேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கை மாட்டும்போது பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது. மச்சான் அங்கே இல்லை. அக்காவும் நானும்தான். ஒயரின் முனை துளைக்குள் போகாமல் தவித்தது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டார். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் போயிற்று.

ஆனால் அதோடு நிற்கவில்லை. அந்தப் பெட்டியின் ஃபேனில் தூசி கம்பளி மாதிரி அடைத்திருந்தது. இரைச்சலுக்குக் காரணம் அதுதான். ஃபிட்டரின் கை தானாக அதன் பக்கம் போனது. அக்கா அடுப்படியிலிருந்து எப்படித்தான் பார்த்தாரோ.

"கைய எடுங்க."

"தூசி மட்டும்..."

"அங்க எறும்பு ஊர்ந்தாலும் இருக்கட்டும். கைய எடுங்க."

பெட்டி ஓடியது, கத்திக்கொண்டே. டிஸ்க் தெரிந்தது. அக்கா ஃபைலைத் திறந்தார். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. ஃபிட்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்கா பெருமூச்சு விட்டார். அவர் பயன்படுத்தும் எழுத்துரு இந்தப் பெட்டியில் இல்லை, அவ்வளவுதான். அதையும் டிஸ்க்கிலிருந்து எடுத்துப் போட்டார். கட்டங்கள் கேள்விகளாயின. பிரிண்டரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று முறை அணைத்துப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா ஃபிட்டரைத்தான் முறைத்தார். பிரிண்டரை அவர் தொடவே இல்லை.

மதியம் அங்கேயே நின்றபடி ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். தாள்கள் வந்துகொண்டே இருந்தன. ஃபிட்டர் அடுக்கினார், நான் உறையில் போட்டேன், அக்கா ஒட்டினார். எல்லாம் முடிந்ததும் தம்பியின் பெட்டியில் ஒரு வரிகூட மிச்சமில்லாமல் துடைத்து, டிஸ்க்கையும் கழற்றச் சொல்லிவிட்டு, அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் உட்கார்ந்தார். கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்களாம். உள்ளேயிருந்து கைநீட்டி வாங்கிக்கொண்டார்களாம்.

ஃபிட்டர் டீ போட்டு வந்து நீட்டினார். வாங்கிக் குடித்தார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டார் இவர். சர்க்கரை இல்லை என்றார் அவர்.

பெட்டியை மறுநாள் காலையில் மச்சான் வந்து எடுத்துப் போனான். தூசி அப்படியே இருந்ததைப் பார்த்து, சர்வீஸ் பண்ணவில்லையா மாமா என்றான். உங்கள் அக்கா விடவில்லை என்றார் இவர். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

சொந்தப் பெட்டியின் கம்பிகளை இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். அந்த வேலை இவர் கைக்கு நன்றாகவே வந்தது. ஒரு கம்பி மட்டும் ஒடிந்துவிட்டது. போனால் போகிறதென்று வைத்துப் பார்த்தார், ஓடியது. ஆனால் இரண்டு மெமரி போட்டால் ஒன்றைத்தான் காட்டுகிறது. பாதி வேகம். ஒரு ஃபைலைத் திறந்துவிட்டு அக்கா போய் வெங்காயம் உரித்துவிட்டு வருகிறார்.

"பாதி ஞாபகம்தான் இருக்கு, உங்களை மாதிரியே" என்று சொல்லிக்கொண்டே டைப் செய்கிறார்.

பரீட்சை எல்லாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. ஃபிட்டரோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் வந்தான், பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு. வைத்துவிட்டு, ரொம்பக் கத்துகிறது மாமா, சிறுசு படிக்க முடியவில்லை என்கிறாள் என்றான். ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டு மூடியைக் கழற்றினார். ஸ்க்ரூக்களை ஒரு தட்டில் போட்டார்.

மச்சான் நாற்காலியை இழுத்தான். மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வான் என்று நினைத்தேன். வாசல் பக்கம் கொண்டுபோய், தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீங்க பண்ணுங்க மாமா. நான் சும்மா காத்து வாங்கறேன்."

வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

அக்கா அடுப்படியில் கரண்டியை வைத்த சத்தம் கேட்டது. "முதல்ல ஓட விடுங்க. சூடாகட்டும். அப்புறம் திருப்புங்க. இழுக்காதீங்க."

ஓடவிட்டார். சுவிட்சை அணைத்தார். கொக்கியை விடுவித்துக் கட்டியைப் பிடித்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மச்சானின் முதுகு அசையவே இல்லை. மெல்ல ஒரு சத்தம், ஒட்டின உதடு பிரிகிற மாதிரி. கட்டி மட்டும் கையோடு வந்தது. பிராசஸர் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"வந்துதா மாமா?" என்றான் மச்சான், தெருவைப் பார்த்தபடியே.

"வந்துடுச்சு."

அக்கா எட்டிப் பார்த்தார். கட்டியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஸ்க்ரூத் தட்டையும் பார்த்தார். மேஜை ஓரத்திலிருந்த ஜாம் பாட்டிலை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"மூடும்போது ஒரு ஸ்க்ரூ மிச்சம் வரட்டும். ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது."